எல்லைக்கல்லில் கழற்ற வேண்டியது

கண்ணு,

மலைமேல் ஏறிப் போய் நீ என்ன கொண்டுவருகிறாய்? இது என் கேள்வி இல்லை. நாங்கள் பெண் கேட்டுப் போன அன்று சரண்யாவின் அப்பா பொன்னுசாமி கேட்டது. எங்கள் மலையிலேயே இருக்கிற குண்டூர் நாட்டில் அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டார். “தேனுக்கு ஏறுவாங்க, மிளகுக்கு ஏறுவாங்க, காணாமப் போன மாட்டத் தேடி ஏறுவாங்க. தம்பி அவ்வளவு ஒசரம் ஏறிப் போயி என்னங்க கொண்டாராரு?” உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், “போட்டோங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியாது. கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். ஒரு மலை எப்படி எழுந்தது, எப்படித் தேய்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டிவிடுவேன். அதன்மேல் ஒருவன் எதற்காக ஏற வேண்டும் என்பதற்கு என்னிடம் பாடம் எதுவும் இல்லை.

நாளை உனக்கு நிச்சயம். நீ இன்று இரவு சென்னையில் பஸ் ஏறுகிறாய். மலைமேல் சோளக்காடு ஊரில் உன் அப்பாவின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முன்னால் மிளகு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதி முடித்ததும் உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நாமக்கல் வரைக்கும் படி. மலைப்பாதை தொடங்கியதும் போனை மூடி வைத்துவிடு, கொண்டை ஊசி வளைவில் படித்தால் உனக்குக் குமட்டும். நேரில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நேரில் பேசினால் நான் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவேன், நீ ஒரு வாக்கியத்தில் பேச்சை மாற்றிவிடுவாய். இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அது நன்றாகக் கைவந்த வேலை.

குமட்டல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீ மலையேறியானது எப்படி என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. ஏதோ ஒரு பெரிய கனவைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். உண்மை உனக்கும் எனக்கும் அந்தப் பஸ் கண்டக்டருக்கும்தான் தெரியும். கீழே பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாரக் கடைசியில் என்னோடு பஸ்ஸில் மேலே வருவாய். பாதி வளைவுகூடத் தாண்டியிருக்காது, ஜன்னலுக்கு வெளியே தலை போய்விடும். “டீச்சர், பையன ஜன்னலோரமாவே வெச்சுக்கங்க, போன வாரம் எஞ்சட்டை போச்சு” என்பார் கண்டக்டர். ஒரு நாள் வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பக்கத்தில் நீ இல்லை. லாரி நகர்ந்து பஸ் கிளம்பப் போகிறது, கண்டக்டர் பள்ளத்தை எட்டிப் பார்த்துக் கத்துகிறார்: “டிக்கெட் இருக்குதுங்க டீச்சர், ஆளக் காணோம்!” அந்தப் பயணத்தின் மிச்சத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எழுதப் போவதில்லை. சோளக்காட்டில் இறங்கினால் நீ அப்பாவின் கடையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறாய். ஆட்கள் நடக்கிற குறுக்குத் தடத்தில் ஏறி வந்துவிட்டாயாம். “நடந்தா வாந்தி வரலம்மா” என்றாய். உன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்து நான் வைத்திருந்த திட்டெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அதனால்தான் உன் முதல் புத்தகத்தின் முன்னுரையில் ‘சிறுவயதிலேயே மலைகள் என்னை அழைத்தன’ என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து, ஓரத்தில் ‘யாரும் அழைக்கவில்லை, பஸ்ஸில் குமட்டியது’ என்று எழுதி அனுப்பினேன். நீ இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு பஸ்ஸை எழுதினாய். அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் நினைவு வைத்துப் பேசுகிறார்கள். உன் எழுத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்: பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது. பனியில் கூடாரத்துக்கு வெளியே அரிசி வேக எடுக்கும் நேரத்தை எழுதுவாய், சுமை தூக்குகிறவர் தன் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசியதை எழுதுவாய், உச்சியை இரண்டு வரியில் முடித்துவிடுவாய். அந்த அளவு எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உன் தொழிலோடு சேர்ந்து வாழ நாங்கள் மெதுவாகப் பழகினோம். நல்ல வேலையை விட்டுவிட்டு வடக்கே மலையேறும் பயிற்சிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டேன். ஆறு மாதம் மற்றவர்களை மலைக்கு அழைத்துப் போவேன், ஆறு மாதம் எழுதுவேன் என்றாய். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குத்தான் சாப்பாடு வரும் என்று எனக்குப் பட்டது. அது இன்றும் அப்படித்தான், ஆனால் நீ கடன் கேட்டு வந்ததில்லை. நீ போகும் மாதங்களில் எங்கோ வடக்கில் இருக்கிற ஒரு பள்ளத்தாக்கின் வானிலையை உன் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். “இன்னைக்கு அங்க காத்து சாஸ்திங்க” என்பார். பலா வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு முறை உன் கயிற்றைத் துவைத்து வாசலில் காயப் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, “காளைக்கு ஒண்ணு வேணுமே, தம்பிகிட்டச் சொல்லி வாங்கித் தாங்க” என்றார். அதன் விலையைச் சொன்னதும், “அப்பறம் அதுல காளையக் கட்டறதா, என்னையக் கட்டறதா?” என்று போட்டுவிட்டுப் போனார். இந்த மாதிரிச் சிரிப்புகளில்தான் அந்த மாதங்களைக் கழித்தோம்.

பிறகு அந்தப் பொங்கல். அப்பா உனக்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். சாக்ஸ் மேலேயே மாட்டி இரண்டு எட்டு வைத்தாய், இடது கால் செருப்பு கழன்று வாசல்படியில் கிடந்தது. “அளவு பெருசாப் போச்சா சாமி?” என்று அப்பா குனிந்து எடுத்தார். மறுபடியும் மாட்டினாய், மறுபடியும் கழன்றது. அப்போதுதான் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாய். பெருவிரலும் பக்கத்து விரலும் இருந்தன. மற்ற மூன்றும் இல்லை. பனியில் மரத்துக் கருத்துப்போய்விட்டன, எடுத்துவிட்டார்கள், இப்போது ஒன்றுமில்லை என்று வானிலை சொல்வதுபோல் சொன்னாய். அப்பா அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் “தையல் பிரிச்சாச்சா?” என்று கேட்டேன். அந்தப் பயணத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை அன்று மாலை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் ‘சிறிய காயங்களுடன் இறங்கினோம்’ என்று இருந்தது. எனக்குப் பிடிக்காதது என்று சொன்னேனே, அது இந்த வரி. ஊராரின் காயத்தை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கிறவன், தன் காயம் வந்ததும் ஓடிப் போய் அடுத்த பள்ளத்தாக்கை வருணிக்கத் தொடங்கிவிடுகிறான்.

அந்தக் காலுக்கு இங்கே சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றப் போன இடத்தில்தான் சரண்யாவைப் பார்த்தாய். நர்ஸ் வேலைக்கு அவள் புதிதாக வந்திருந்தாள். கட்டு தேவைப்படாமல் போன பிறகும் நீ போய்க்கொண்டிருந்தாய் என்று அப்பாவுக்கு முதலில் தெரிந்தது, எனக்குப் பிறகுதான். நல்ல பெண். என்னைவிட நன்றாகப் பேசுவாள், உன்னைவிட நன்றாக வாயை மூடிக்கொண்டும் இருப்பாள். உன் காலைப் பற்றி அவள் வீட்டில் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அவரு சொல்லணும்ங்க அத்தை” என்றாள் என்னிடம். பொன்னுசாமி உன்னைப் பார்த்ததெல்லாம் சந்தையில், பூட்ஸ் போட்ட காலோடு. அந்தப் பூட்ஸில் முன்பக்கம் பஞ்சு அடைத்து நீ நடக்கிற நடையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

நாளை தெரியும். அதுதான் நீ போன வாரம் போனில் கேட்ட கேள்வி. அவர்கள் ஊரில் எல்லைக்கல்லைத் தாண்டினால் யார் காலிலும் செருப்பு இருக்கக் கூடாது. ஊருக்குள் இருக்கிற அம்மனுக்காக என்று சொல்வார்கள். பெரியவர், சின்னவர், கவர்ன்மென்ட் ஆபீசர் எல்லாருக்கும் ஒன்றுதான். கல்லடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். “அம்மா, சாக்ஸ் செருப்புக் கணக்குல வருமா?” என்று கேட்டாயே, அதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தச் சாமியையும் நம்பாத ஒருத்தியிடம் சாமியின் சட்டத்துக்கு விளக்கம் கேட்கிறாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் கேட்கிறாய் என்று புரிந்தது. அவர்களிடம் சொல்ல வேண்டாம், கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

கேட்டேன். இரண்டு நாள் கழித்து பொன்னுசாமி கடைக்கு வந்திருந்தார். “ஏனுங்கண்ணா, உங்க ஊருல சாக்ஸ் மட்டும் போட்டுக்கிட்டு நடக்கலாமுங்களா?” என்றேன். “ஆருக்குங்க டீச்சர், உங்களுக்கா?” என்றார். பையனுக்கு என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடையே அதிரச் சிரித்தார். “அட, இமயமலை ஏறுனவருக்கு எங்கூரு மண்ணு குத்துதாக்கும்! இப்ப ரோடு போட வேற ஜல்லி கொட்டிக் கெடக்குது, நாங்களே தத்தித் தத்தித்தான் நடக்கறோம். தம்பிக்கு வேணும்னா வைக்கோலு பரப்பி வெக்கட்டுங்களா?” எடை போட்டுக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பொன்னுசாமியின் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, “எங்கூரு எளப்பமாத் தெரிஞ்சா இப்பவே சொல்லிருங்க டீச்சர். பொண்ணக் குடுத்துப்போட்டு அப்பறம் வருத்தப்படக் கூடாது பாருங்க” என்றார். அப்படியெல்லாம் இல்லீங்க என்றேன். அதற்கு மேல் சொல்ல உன் அனுமதி இல்லை. மறுநாள் பஸ்ஸில் ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவர், “உங்க பையன் மெத்தை போட்டாத்தான் நடப்பாராமா?” என்று கேட்டார். ஆக, கண்ணு, ஊனத்தை மறைக்கப் போய் உனக்குத் திமிர் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் நாம் இரண்டு பேரும். பாதிக் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும். என் மாணவிகளுக்கு அதற்காக மதிப்பெண் குறைக்கிறவள் நான்.

எனவே, நாளைக் காலை கல்லடியில் பூட்ஸைக் கழற்றும்போது சாக்ஸையும் கழற்றிவிடு. நான் சொல்ல நினைத்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு வருவதற்கான சுற்று வழி. சாமிக்காக என்று சொல்ல மாட்டேன். நானும் இந்த மலையில் பிறந்தவள்தான். கீழே போய்ப் படித்து, நம்பிக்கை எல்லாம் கரைந்து, திரும்பி வந்தேன். ஆனாலும் அந்தக் கல்லடியில் செருப்பைக் கழற்றத்தான் செய்கிறேன். ஊரே வெறுங்காலில் நடக்கும்போது நான் ஒருத்தி மட்டும் செருப்போடு நடந்தால், அந்த நடையில் அவர்களோடு என்ன பேச முடியும்? எனக்கு இருக்கிற காரணம் அவ்வளவுதான். சாக்ஸ் போட்ட கால் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தச் சாக்ஸோடு சரண்யாவின் வீட்டில் நீ எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பாய் என்பதுதான் எனக்குக் கவலை. தைரியசாலியாக இருக்கச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை உன் தொழிலில் தேவைக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். அதைப் பற்றி ஒரு பேச்சும் வேண்டாம். உட்கார், கழற்று, எழுந்து நட. கேட்டால் சொல். ஆவணியில் நீ மறுபடி மலையேறப் போவதைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்.

எல்லாம் நன்றாக முடியும் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அது தெரியாது. பொன்னுசாமி நல்ல மனிதர், ஆனால் பெண்ணைப் பெற்றவர். அவர் மிளகுக்கொடி ஏறிய மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி வைத்து ஏறுகிறவர். மருமகன் என்றால் கால் ஊன்றி நிற்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். பாக்கு வெற்றிலைத் தட்டோடு நாம் வந்த வழியே திரும்பலாம். அப்படி ஆனால் நானும் அப்பாவும் உன்னோடு அதே தடத்தில் நடந்து வந்து, கல்லடியில் செருப்பை மாட்டிக்கொண்டு, உன் பூட்ஸ் கயிற்றை நீ கட்டி முடிக்கும்வரை காத்திருப்போம். அதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடிவது ஒன்றும் இல்லை. வளைவு தொடங்கியிருந்தால் போனை மூடு. ஜன்னலோரமாக உட்கார்.

*

எல்லாரும் படிக்கட்டும், கொடுத்துவிடம்மா என்று நீயே சொன்னதால் இது அச்சுக்குப் போகிறது. அப்படியானால் மறுநாள் நடந்ததையும் எழுதிவிட வேண்டும். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் தலையைக் குனிந்துகொண்டிருந்தாய்.

கல்லடியில் பொன்னுசாமியும் அவர் உறவுக்காரர்களும் நின்றிருந்தார்கள். அப்பாவும் நானும் செருப்பைக் கழற்றினோம். நீ கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாய். “பாத்துங்க மாப்பிள்ளை, ஜல்லி கடிச்சிரும்” என்று ஒருவர் தொடங்கினார், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீ வலது சாக்ஸைக் கழற்றினாய். பிறகு இடது சாக்ஸை. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று என்னால் சொல்ல முடியும், அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னுசாமி உன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற சரண்யா பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமா?”

“நாந்தானுங்கப்பா கட்டுப் போட்டேன்.”

“ஊட்டுல ஒரு வார்த்த சொல்லல?”

“ஆஸ்பத்திரிக்கு வாரவங்க சமாச்சாரத்த ஊட்டுல சொல்லக் கூடாதுங்கப்பா.”

அவர் திரும்பி, ஜல்லியின் மேல் விறுவிறுவென்று நடந்து ஊருக்குள் போய்விட்டார். அப்பா தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நான் உன் பூட்ஸைப் பார்த்தேன், கயிறு கட்ட எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் திரும்பி வந்தபோது தலையில் ஒரு கட்டு சாமை வைக்கோல் இருந்தது. கல்லடியில் தொப்பென்று போட்டுப் பிரித்து, குனிந்து, ஜல்லியின் மேல் பரப்பத் தொடங்கினார். உறவுக்காரர்களில் வயதான ஒருவர், “ஏப்பா, அம்மனுக்கு ஆகுமா?” என்றார். பொன்னுசாமி நிமிரவே இல்லை. “கால்ல போடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்குது. தடத்துல போடக் கூடாதுன்னு ஆரு சொன்னா?” என்றார். அந்தப் பெரியவர் தானும் ஒரு கை வைக்கோலை எடுத்துப் பரப்பினார். என்னைக் கடக்கும்போது பொன்னுசாமி தாழ்ந்த குரலில், “அன்னைக்கே சொல்லியிருந்தா ஊரு சிரிக்க உட்டிருப்பனுங்களா டீச்சர்?” என்றார். அவருக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டார். “மறுக்காப் போவீங்களா?”

“போவேனுங்க மாமா. ஆவணில.”

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். சரண்யா பரிமாறுவதை நிறுத்திவிட்டு நின்றாள். “தை மாசத்துக்குள்ள வந்துருங்க. மிளகு பறிக்கோணும்.”

“ஒத்தை மூங்கில்ல இந்தக் காலு நிக்குமான்னு தெரியலீங்க.”

“உங்கள ஆருங்க ஏறச் சொன்னா? கீழ நின்னு ஏணியப் புடிங்க. நானு ஏறிக்கறேன்.”

அதற்கு அடுத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். நீ என்ன கொண்டுவருகிறாய் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. சாயங்காலம் நாம் கிளம்பிக் கல்லடிக்கு வந்தபோது அவர்கள் வீட்டு மாடு பாதி வைக்கோலைத் தின்று முடித்திருந்தது. மீதியின் மேல் நீ நடந்து வந்தாய். மாடு கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டது.